பாலைநிலப் பண்ணைகள் – 9: எதையும் தூக்கி எறியாதவர்

கூலி பாக்கியில் தொடங்கிய பண்ணை இது. டெசர்ட் குயின் தங்கச் சுரங்கத்தின் முதலாளி வில்லியம் மார்கன் 1910இல் ஓர் ஆளைக் காவலுக்கு அமர்த்தினார். தாதுவைச் சோதித்து எவ்வளவு தங்கம் தேறும் என்று சொல்கிற வேலையும் அந்த ஆள் தலையிலேயே விழுந்தது. சம்பளம் ஒழுங்காக வரவில்லை. சில ஆண்டுகளில் மார்கன் இறந்துபோக, பாக்கிச் சம்பளத்துக்கு ஈடாகச் சுரங்கமே காவலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் பெயர் வில்லியம் ஃபிராங்க்ளின் கீஸ். ஊரார் வாயில் பில் கீஸ்.

சென்ற பகுதியைப் படித்தவர்களுக்கு இந்தச் சுரங்கம் ஏற்கெனவே தெரியும். 1890களில் ஃபிராங்க் ஜேம்ஸ் என்பவர் தங்கம் கண்ட குன்று அது. ஜேம்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்லி விடுதலையானார். மாடு திருட்டுக்குப் பேர்போன மெக்கேனி கும்பல் சுரங்கத்தை வளைத்துக்கொண்டது. பிறகு அது வங்கிக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி மார்கனிடம் வந்தது. இத்தனைக்கும் அந்தச் சுரங்கம் அதன் ஆயுள் முழுவதும் கொடுத்த தங்கம் 4,000 அவுன்சுக்கும் குறைவு. தங்கத்தை நம்பி வந்த ஒருவரும் அங்கே தங்கவில்லை. கீஸ் தங்கினார், 59 ஆண்டுகள். அவரைத் தாங்கிப் பிடித்தவை தண்ணீரும் பழைய இரும்பும்.

இடத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, மொஹாவி பாலையின் தெற்கு விளிம்பு. இன்றைய ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரம். கோடையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், குளிர்கால இரவில் தண்ணீர் உறையும். மழை ஆண்டுக்குச் சில அங்குலம் பெய்தால் உண்டு. ஈட்டி இலைகளோடு கைவிரித்து நிற்கும் ஜோஷுவா மரங்களுக்கு நடுவே, வீடு உயரத்துக்கும் மேலாகக் கருங்கல் பாறைகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அந்தப் பாறைகளுக்கு இடையே, சாலையிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத ஒரு சிறு பள்ளத்தாக்கில் கீஸின் பண்ணை இருக்கிறது. அந்த மறைவைத்தான் அவருக்கு முன்னால் மெக்கேனி ஆட்களும் விரும்பினார்கள். அவர்களுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே செரானோ, கவியா, செமவேவி மக்கள் இந்தப் பாறைக்காட்டில் பருவந்தோறும் வந்து தங்கி, பைன் கொட்டைகளைச் சேகரித்துப் போயிருக்கிறார்கள். பாறையில் குழித்த அவர்களது உரல்கள் இன்றும் இந்த வட்டாரத்தில் கிடக்கின்றன. ‘ஆளில்லாப் பாலையை ஆண்ட முதல் மனிதர்’ என்று யாராவது கீஸைப் பற்றி எழுதினால் அந்தக் குழிகளைக் காட்டினால் போதும்.

கீஸ் நெப்ராஸ்காவில் வளர்ந்தவர். 1879இல் பிறந்தபோது வைத்த பெயர் ஜார்ஜ் பார்த். மீசை அரும்பும் வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். உருக்காலை, சுரங்கம், அரிசோனாவில் மாடு மேய்ப்பு, ஷெரிஃபின் கீழ் உதவியாளர் என்று பல வேலைகள் பார்த்தார். வழியில் எங்கோ பெயரும் மாறியது. டெத் வேலி பக்கம் சுற்றியபோது வால்டர் ஸ்காட் என்ற மகா புளுகரோடு சேர்க்கை ஏற்பட்டது. ‘டெத் வேலி ஸ்காட்டி’ என்று நாடெங்கும் பத்திரிகைகள் கொண்டாடிய ஆள். இல்லாத சுரங்கத்தைக் காட்டிப் பணக்காரர்களிடம் பணம் கறப்பது அவர் தொழில். முதலீட்டாளர் தரப்பில் ஒரு பொறியாளர் சுரங்கத்தை நேரில் பார்த்தே தீருவேன் என்று 1906இல் வந்துவிட்டார். அவரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்ப விங்கேட் கணவாயில் ஒரு பொய்த் தாக்குதல் ஏற்பாடாயிற்று. குண்டு தவறி ஸ்காட்டியின் சொந்த அண்ணன் மேலேயே பாய்ந்தது. பாறை மறைவில் துப்பாக்கியோடு இருந்தவர்களில் ஒருவர் என்று கீஸ் கைதானார். கடைசியில், சம்பவம் நடந்த இடம் வழக்குப் போட்ட மாவட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை என்று வழக்கு கலைந்தது. நாலே வருடத்தில் அந்த மனிதர் இன்னொருவரின் சுரங்கத்துக்குக் காவலாளி!

1917இல் மெக்கேனிகளின் பழைய முகாம் இருந்த இடத்திலேயே 160 ஏக்கருக்கு அரசிடம் மனுப்போட்டார். அமெரிக்காவில் 1862இல் வந்த குடியேற்ற நிலச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்தால் அது உனக்குச் சொந்தம் என்றது சட்டம். மழை கண்ட நிலத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. மொஹாவியில் பயிர் வைப்பது எப்படி என்று அதில் ஒரு வரி கிடையாது.

பாறைதான் வழிகாட்டியது. கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. மணல்வெளியில் பெய்யும் அரை அங்குல மழை அங்கேயே காணாமல் போகும். அதே அரை அங்குலம் பாறைத் தொகுதியின்மேல் பெய்தால் அத்தனையும் வழிந்து கீழிறங்கும். இரண்டு பாறைகளுக்கு இடையே வாயடைத்தாற்போல ஒரு சுவர் வைத்துவிட்டால் ஏரி. கீஸ் குடும்பம் இப்படி வெவ்வேறு இடுக்குகளில் கல்லும் சிமெண்டும் வைத்து அணை கட்டியது. குழாய் வைத்துத் தண்ணீரை வீட்டுப் பக்கம் இறக்கியது. கிணறும் தோண்டினார்கள், காற்றாலையும் நின்றது. பழத்தோட்டமும் காய்கறிப் பாத்தியும் அந்தத் தண்ணீரில் பிழைத்தன.

1918இல் கீஸ் மணம் முடித்தார். மனைவி பிரான்சிஸ் மே லாட்டன் நகரத்தில் வாழ்ந்தவர். கடைகண்ணி உள்ள பானிங் ஊர் பண்ணையிலிருந்து 50 மைலுக்கு மேல். வண்டி கட்டிக்கொண்டு போனால் போகவே நாட்கணக்கு, வர இன்னும் நாட்கணக்கு. ஆகவே விளைந்ததையெல்லாம் பிரான்சிஸ் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தி வருடம் முழுக்க வைத்துக்கொண்டார். ஆடு, கோழி, மாடு, பிள்ளைகள் எல்லாம் அவர் பொறுப்பு. பிறந்த பிள்ளைகளில் சிலர் தங்கவில்லை. பண்ணையின் சிறு இடுகாட்டில் அவர்களது கல்லறைகள் இருக்கின்றன. கீஸைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கியையும் சுரங்கத்தையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பிரான்சிஸுக்கு இரண்டு வரி ஒதுக்குவது வழக்கம். பண்ணை என்று ஒன்று இருந்ததே அந்த அம்மாளின் அடுப்படியை நம்பித்தான் என்பது என் எண்ணம்.

*

இனி இரும்புக்கு வருவோம்.

பாலையில் குடியேற்றம் என்பது பெரும்பாலும் தோல்வியின் சரித்திரம். 1920களில் பசடீனா ஊர் மருத்துவர் ஜேம்ஸ் லக்கி, முதல் உலகப் போரில் விஷவாயுவால் நுரையீரல் கெட்ட சிப்பாய்களை உலர்ந்த காற்றுக்காக டுவென்டிநைன் பாம்ஸ் பக்கம் அனுப்பிவைத்தார். அவர்களில் பலர் நிலம் கேட்டு மனுப்போட்டுக் குடிசை போட்டார்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை போனவர்களும் வந்தார்கள். சுரங்கக்காரர்கள் எப்போதும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பகுதியினர் நிலைத்தார்கள். மற்றவர்கள் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, சிலர் சாத்தாமலே, கிளம்பிப் போய்விட்டார்கள். போகும்போது அடுப்பையும் தண்டவாளத்தையும் எஞ்சினையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

கீஸ் தூக்கிக்கொண்டு வந்தார். கைவிட்ட சுரங்கம், கைவிட்ட குடிசை எதையும் விடவில்லை. சிலவற்றை விலைக்கு வாங்கினார், சிலவற்றைக் கடனுக்கு ஈடாகப் பெற்றார், சிலவற்றை எடுத்துக்கொண்டார். மரச்சட்டம், தகரம், குழாய், கம்பி, லாரியின் அடிச்சட்டம், வண்டிச் சக்கரம், எஞ்சின், திருகாணி. கழற்றக்கூடியதைக் கழற்றி, பிரிக்கக்கூடியதைப் பிரித்து, வளைந்த ஆணியை நிமிர்த்தி வைத்தார். அத்தனையும் முற்றத்தில் இனவாரியாக வரிசை கட்டிக் கிடந்தன. நம் ஊர்க் காயலான் கடைக்காரர் பார்த்திருந்தால் தொழில்முறையில் மரியாதை செலுத்தியிருப்பார்.

பண்ணை வீடு அந்த மரங்களில் எழும்பியதுதான். ஓர் அறையாகத் தொடங்கி, கிடைத்த பலகைக்கு ஏற்ப அக்கம்பக்கம் நீண்டது. பட்டறையும் கடையும் அப்படியே. ஆம், கடை. வண்டியின் அச்சு முறிந்தவர், பம்புக்கு ஒரு வால்வு தேவைப்பட்டவர், கதவுக்குக் கீல் வேண்டியவர் எல்லாரும் கீஸிடம் வந்தார்கள். காசு இருந்தால் காசு, இல்லையென்றால் பண்டமாற்று. ஒருவரின் தோல்வி இன்னொருவரின் உதிரிபாகம் ஆனது. இந்த வட்டாரத்தில் யார் யார் வந்தார்கள், எதைக் கட்டப் பார்த்தார்கள், எப்போது விட்டுவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அந்த வரிசைகளில் இருக்கிறது. எழுத்தில் இருக்கும் ஆவணங்களைவிட அதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஏனென்றால் தோற்றவர்கள் நாட்குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை, அடுப்பை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கீஸைப் பற்றி அக்கம்பக்கத்தில் நல்லவிதமாக மட்டும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைவிட்டது எது, சொந்தக்காரர் ஊருக்குப் போயிருப்பது எது என்று அவர் எப்போதும் கறாராகப் பார்த்தாரா என்ற முணுமுணுப்பு இருந்தது. தண்ணீர் உள்ள இடங்களைப் பற்றி மாட்டு நிறுவனங்களின் ஆட்களோடு துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போயிருக்கிறது. அதே மனிதர்தான் பழைய மாடு திருடர் பில் மெக்கேனி முதுமையில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோது, 1937இல் அவர் கண்மூடும்வரை, தன் பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். லாஸ்ட் ஹார்ஸ் சுரங்கத்தின் ஜானி லேங், 1920களின் நடுவில் ஒரு குளிர்காலத்தில், சாமான் வாங்கப் போகிறேன், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று குடிசைக் கதவில் சீட்டு எழுதி வைத்துவிட்டு நடந்தார். அவர் ஊர் போய்ச் சேரவில்லை. வாரக்கணக்கில் கழித்துப் பாதையோரம் உடலைக் கண்டு அங்கேயே அடக்கம் செய்தவரும் கீஸ்தான்.

1930களில் பண்ணையைச் சுற்றிப் பிள்ளைகள் பெருகியதால் மாவட்ட நிர்வாகம் ஓர் ஆசிரியரையே அனுப்பியது. கீஸ் பிள்ளைகளும் சுற்றுவட்டாரப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடக் கொட்டகை இன்றும் நிற்கிறது.

*

அதே 1930களில் தங்கத்துக்கு இன்னொரு வாழ்வு வந்தது. 1934இல் ரூஸ்வெல்ட் அரசு அவுன்ஸ் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலருக்கு உயர்த்தியது. அதுவரை தோண்டிக் கட்டுப்படியாகாத குழிகளில் மறுபடி மண்வெட்டி விழுந்தது. கீஸ் இந்த முறை தோண்டுவதைவிட, தோண்டுகிறவர்களுக்கு அரைத்துக் கொடுப்பது நல்லது என்று கண்டுகொண்டார். பழைய முறையில் தாது அரைக்க அராஸ்ட்ரா என்று ஒன்று உண்டு. நம் செக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டக் கல்தளம், நடுவே ஒரு தூண், தூணோடு பிணைத்த கல்லைக் கழுதை சுற்றி இழுக்கும், தாது பொடியாகும். பண்ணையில் அதுவும் இருக்கிறது. ஆனால் காரியம் நடந்தது வால் ஸ்ட்ரீட் ஆலையில். நியூயார்க் தெருவின் பெயரை யாரோ ஒரு சுரங்கக்காரர் கிண்டலாகவோ ஆசையாகவோ தன் குழிக்கு வைத்திருந்தார்.

அதில் இரண்டு இரும்பு உலக்கைகள். வேறொரு சுரங்கத்தில் ஓய்ந்து கிடந்ததைக் கீஸ் கொண்டுவந்து மாட்டினார். எஞ்சின் ஓடினால் பெரிய பட்டைச் சக்கரம் சுழலும், அதன் தண்டிலிருக்கும் வளைந்த பற்கள் உலக்கைகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் தூக்கி விடும். உலக்கை தன் கனத்திலேயே கீழே விழுந்து தாதுவை நொறுக்கும். தண்ணீரோடு கலந்த கூழ், பாதரசம் பூசிய செம்புத் தகட்டின்மேல் சரிந்து ஓடும். தங்கத் துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும், கல்பொடி ஓடிப்போகும். பிறகு தகட்டைச் சுரண்டி, கிடைத்ததைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும். சுற்றுவட்டாரத்துச் சிறு சுரங்கக்காரர்கள் லாரியில் தாது கொண்டுவந்து கூலிக்கு அரைத்துப் போனார்கள்.

இதே பத்தாண்டில்தான் பண்ணையைச் சுற்றிலும் சத்தமில்லாமல் ஒரு வேலி விழுந்தது. பாலைச் செடிகளைத் தோட்டக்காரர்கள் வண்டி வண்டியாகப் பிடுங்கிப்போவதைப் பார்த்துப் பொறுக்காத பசடீனா சீமாட்டி மினர்வா ஹாய்ட் பல ஆண்டு போராடினார். 1936 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட, ஜோஷுவா ட்ரீ தேசிய நினைவு நிலம் பிறந்தது. அதன் நடுவயிற்றில் கீஸின் பண்ணை. சொந்த நிலத்தில் அவர் இருக்கலாம், ஆனால் மாடுகள் மேய்ந்த வெளி இப்போது அரசின் காப்புநிலம். மேய்ச்சல் உரிமை, பாதை உரிமை, சுரங்க உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகளோடு இழுபறி தொடங்கியது. மாடு வளர்ப்பு மெல்ல மெல்ல முடிந்தது. எனக்கு இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சாய மனமில்லை. ஹாய்ட் அம்மையார் இல்லாவிட்டால் இன்று அங்கே ஜோஷுவா மரம் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகம். அவர் மனத்திலிருந்த பாலையிலோ மாட்டுக்கும் பழைய லாரிக்கும் இடமில்லை.

1942இல் போர்க்கால உத்தரவு ஒன்று நாடு முழுக்கத் தங்கச் சுரங்கங்களை நிறுத்தியது. ஆட்களும் இயந்திரங்களும் செம்புக்கும் ஈயத்துக்கும் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டு மே 11 அன்று ஒரு கொலை நடந்தது.

வால் ஸ்ட்ரீட் ஆலைக்குப் போகும் பாதை வொர்த் பேக்லி என்பவரின் நிலத்தை ஒட்டிப் போயிற்று. பேக்லி, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் ஷெரிஃபின் உதவியாளராக இருந்து விலகியவர். பாதை யாருடையது என்று இருவருக்கும் தீராத பகை. அன்று கீஸ் ஆலையிலிருந்து திரும்பும்போது வழியில் ஓர் எச்சரிக்கை அட்டை நின்றது. இதுவே கடைசி எச்சரிக்கை, என் நிலத்தில் கால் வைக்காதே என்று அதில் எழுதியிருந்தது. கீஸ் இறங்கினார். பேக்லி கைத்துப்பாக்கியோடு வந்து முதலில் சுட்டார், நான் வண்டியிலிருந்த ரைஃபிளை எடுத்துத் திருப்பிச் சுட்டேன் என்பது கீஸின் வாக்குமூலம். பேக்லி அங்கேயே இறந்தார். கீஸ் நேரே டுவென்டிநைன் பாம்ஸ் போய்ச் சரணடைந்தார். வயது 63. தற்காப்பு வாதத்தை ஜூரிகள் ஏற்கவில்லை. கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தார் என்று தீர்ப்பு வந்தது. சான் குவென்டின் சிறையில் அடைத்தார்கள்.

அரை நூற்றாண்டுக்கு முன் இதே குன்றுகளில் ஜேம்ஸைச் சுட்டவர் இதே வாதத்தைச் சொல்லி வீட்டுக்குப் போனார். அதற்குள் பாலைக்குச் சட்டம் வந்துவிட்டது. சுடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கீஸ் 1948இல் நன்னடத்தைப் பிணையில் வெளியே வந்தார். பிரான்சிஸின் முறையீட்டைக் கேட்டு வழக்கைக் கையில் எடுத்தவர், பெர்ரி மேசன் கதைகளை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர். அவர் பயிற்சி பெற்ற வழக்கறிஞர். தவறாகத் தண்டனை பெற்றவர்களுக்காக ஆர்கோசி பத்திரிகையில் ஒரு பகுதியே நடத்திவந்தார். அந்த முயற்சியின் பலனாக 1956இல் கீஸுக்கு முழு மன்னிப்பு கிடைத்தது. கீஸ் செய்த காரியம் அதைவிட விசித்திரம். பேக்லி விழுந்த இடத்தில், இன்னார் கையால் இன்னார் இங்கே மண்ணைக் கவ்வினார் என்று பெயர், தேதி சகிதம் தன் கையால் கல்லில் வெட்டி நட்டுவைத்தார். மன்னிப்புக்காகக் கெஞ்சுகிற ஆளின் செயலாக அது தெரியவில்லை. அந்தக் கல்வெட்டில் பேக்லி தரப்பு கிடையாது என்பதை, அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சிறையிலிருந்து வந்த மனிதர் ஓய்ந்தாரா? 70 வயதில், 1949-50இல், சுமார் 1900இல் மாட்டுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன பழைய அணை ஒன்றைக் குடும்பத்தோடு சேர்ந்து மேலும் உயர்த்தினார். ‘பிக் ஹார்ன் அணை’ என்று புதுப்பெயர் சூட்டி, குடும்பத்தார் பெயர்களைச் சுவரில் பொறித்தார். இன்று எல்லாரும் பழைய மாட்டுக்காரரின் பெயரில் அதை பார்க்கர் அணை என்கிறார்கள். கீஸுக்குப் பூங்கா கொடுத்த பெயர் வேறு இடத்தில் இருக்கிறது. 5,185 அடி உயரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் ‘கீஸ் வியூ’.

பிரான்சிஸ் 1963இல் காலமானார். அதற்குப் பிறகு கீஸ் பண்ணையை விற்றார். வாங்கியவர் வேறு நிலத்துக்கு மாற்றாக அதை அரசிடம் கொடுத்தார். கடைசிவரை அங்கேயே வாழ்ந்த கீஸ் 1969 ஜூனில், 89 வயதில் இறந்தார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் அடக்கம்.

*

பூங்காத் துறையின் கையில் இப்போது ஒரு பெரிய குப்பைமேடு. என்ன செய்வது?

அந்தக் காலத்துப் பூங்கா நிர்வாகத்தின் மனப்போக்கைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 1963இல் வெளிவந்த லியோபோல்ட் அறிக்கை, வெள்ளையர் முதன்முதல் கண்டபோது நிலம் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்தைப் பூங்காக்கள் காட்ட வேண்டும் என்றது. காட்டுயிர்களை நினைத்து எழுதிய நல்ல அறிக்கைதான். ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் குடியேறியவன் குடிசை என்பது துடைக்க வேண்டிய அழுக்கு. பல பூங்காக்களில் அப்படித் துடைத்தும் இருக்கிறார்கள். கீஸின் முற்றம் துடைக்கப்பட்டிருந்தால் இரண்டு லாரி ஆட்கள், சில வாரம், முடிந்திருக்கும்.

எதிர்த்திசைக் காற்றும் அப்போதே வீசத் தொடங்கியிருந்தது. 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி உருவான தேசியப் பதிவேட்டில் 1975இல் பண்ணை, வால் ஸ்ட்ரீட் ஆலை, பார்க்கர் அணை மூன்றும் இடம்பெற்றன. கீஸைக் காலமெல்லாம் நெருக்கிய அதே துறை, அவருடைய துருப்பிடித்த குழாய்களுக்கு இலக்கமிட்டுப் பட்டியல் எழுத ஆரம்பித்தது.

பட்டியல் எழுதுவது சுலபம், காப்பதுதான் கஷ்டம். பாலை உலர்ந்த இடம், எல்லாம் தானே கெடாமல் இருக்கும் என்று நினைப்போம். துரு மெதுவாகப் பிடிக்கும், உண்மை. ஆனால் வெயில் மரத்தின் மேற்பரப்பை வருடம் வருடமாகத் தின்கிறது. பலகை சாம்பல் நிறமாகி, நார் நாராகப் பிரிந்து, ஆணி பிடிப்பை இழந்து வெளியே தலைநீட்டுகிறது. காற்றில் வரும் மணல் வேறு தேய்க்கிறது. பேக்ராட் என்கிற காட்டெலி கிடைத்ததையெல்லாம் இழுத்துவந்து சுவருக்குள் கூடு கட்டுகிறது. சேகரிப்பு வெறியில் கீஸுக்கு அண்ணன். திடீர் மழை வந்தால் அணைக்கு உதவிய அதே பாறைகள் வெள்ளத்தை வீட்டுப் பக்கம் தள்ளுகின்றன.

அதனால் பூங்காக்காரர்கள் ஒரு நடுவழியைப் பிடித்திருக்கிறார்கள். புதுசாக்குவதில்லை, விழவும் விடுவதில்லை. சாயும் சுவருக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுப்பார்கள். உளுத்த கட்டையை மட்டும் எடுத்துவிட்டு அதே அளவில், அதே வகை மரத்தில் மாற்றுவார்கள். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வார்கள். பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்க மாட்டார்கள். லாரி, சக்கரம், குழாய் எல்லாம் கீஸ் போட்ட இடத்தில் போட்டபடி. அதுதான் முக்கியம். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வால்வை எடுத்து வைத்தால் அது வால்வு, அவ்வளவுதான். மற்ற நாற்பது வால்வுகளோடு வரிசையில் கிடந்தால்தான் அதை ஏன் ஒருவர் 20 மைல் சுமந்து வந்தார் என்பது தெரியும்.

பழத்தோட்டத்தை மட்டும் மறுபடி நட்டிருக்கிறார்கள். சுத்தமான பாதுகாப்புக் கொள்கைக்காரர் முகம் சுளிக்கக்கூடும், இது பழைய மரம் இல்லையே என்று. நான் நட்டவர்கள் பக்கம். இரும்பு மட்டும் மிஞ்சி மரம் இல்லாமல் போனால் கீஸ் மட்டும் மிஞ்சி பிரான்சிஸ் இல்லாமல் போனதாகும்.

பண்ணை வாசலில் பூட்டு உண்டு. பருவ காலத்தில் வழிகாட்டியோடு சிறு குழுவாகத்தான் உள்ளே போகலாம், சுற்றிவர அரை மைல் நடை. திறந்து விடக்கூடாதா என்று பயணிகள் கேட்கிறார்கள். 2013இல் இதே பூங்காவின் ராட்டில்ஸ்னேக் கேன்யன் பகுதியில் பாறைகளின்மேல் கிறுக்கித் தள்ளியதால் அந்தப் பகுதியையே பொதுமக்களுக்கு மூட வேண்டியிருந்தது. ஒருவர் கிறுக்கியதைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட, மற்றவர்கள் வந்து தொடர்ந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பாறையில் கிறுக்கினால் தேய்த்தாவது எடுக்கலாம். கீஸ் முற்றத்தில் ஆளுக்கு ஒரு திருகாணி என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் பத்தாண்டில் முற்றம் காலி. ஆலைக்கும் அணைக்கும் பூட்டு இல்லை, நடந்தே போகலாம். வால் ஸ்ட்ரீட் ஆலையின் உலக்கைகளை இன்றும் கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்க்கலாம். கடைசியாக அவை ஓடியது 1966இல். கீஸுக்கு அப்போது 86 வயது.

1994இல் நினைவு நிலம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அவர்களில் பண்ணைக்குள் நுழைபவர்கள் மிகச் சிலர். அது நல்லதற்கே.

கீஸின் பழைய கூட்டாளி ஸ்காட்டியை மறந்துவிட வேண்டாம். இல்லாத சுரங்கத்தைக் காட்டி ஏமாற்றிய அந்த ஆளுக்கு, ஏமாந்த சிகாகோ கோடீஸ்வரரே டெத் வேலியில் கோட்டை போன்ற பண்ணை மாளிகை எழுப்பிய கதை இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. 2015 அக்டோபரில் ஒரே இரவு வெள்ளம் அதன் சாலையையும் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த இதழில் அங்கே போவோம்.

(தொடரும்)